ஆறடியா, எட்டடியா? பேத்தமங்கலத்துப் பரிசல் ஒன்றைக் குறித்து

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை வழக்கமான வினாக்களே. குடும்ப அட்டையில் பெயரைத் திருத்துவது எவ்வாறு, கன்னடப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் எழுத்துக் கற்பிக்க எந்த வயது ஏற்றது என்பன போன்றவை. அவற்றுக்குத் தனித்தனியே விடை எழுதி அனுப்பிவிட்டோம். ஒரு கடிதம் மட்டும் நம் மேசையை விட்டு நகராமல் நான்கைந்து நாள் கிடந்தது. எழுதியவர் ஆண்டர்சன்பேட்டையில் வாழும் பெரியவர். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்து, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வெறுங்கையராய் வெளிவந்தவர்களுள் ஒருவர். அவர் கேட்டிருந்தது இது: "ஐயா, என் இளைய மகனுக்கு மீன் பிடிக்கப் பரிசல் வாங்க வேண்டும். ஆறடியில் வாங்குவதா, எட்டடியில் வாங்குவதா? வீட்டில் இதனால் பேச்சு முற்றிவிட்டது. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்."

தங்கவயலில் இருந்துகொண்டு படகைப் பற்றி என்ன பேச்சு என்று வெளியூர் நேயர் புன்னகை புரியலாம். கடல் இங்கிருந்து நெடுந்தொலைவு. சயனைடு மேடுகளின்மேல் நின்று நாற்புறமும் பார்த்தாலும் கண்ணுக்குப் படுவன வறண்ட குன்றுகளும் பாறைகளுமே. ஆயினும் நம்மவர் பேத்தமங்கலத்தை மறவார். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து வரும் பாலாற்றை அங்கே மடக்கி வைத்த ஏரியிலிருந்துதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தங்கவயலின் குழாய்களுக்குத் தண்ணீர் வந்தது. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததைப் பெருமையோடு நினைவுகூர்வோர், குடிதண்ணீர் வந்த கதையை அவ்வளவாகப் பேசுவதில்லை. பாலாறோ பேத்தமங்கலத்தைக் கடந்து, ஆந்திர எல்லையில் சிறிது ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நம் பாட்டன்மார் விட்டுவந்த வடஆர்க்காட்டு மண்ணுக்கே போய்ச் சேர்கிறது. அவர்கள் வந்த வழியே ஆறு திரும்பிப் போகிறது என்று நம் அன்னையார் சொல்வதுண்டு.

இனிக் குடும்பத்தின் நிலையைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பெரியவருக்கு இரு மக்கள். மூத்தவர் நம் ஊர் இளைஞர் பல்லாயிரவரைப் போல விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூரு சென்று, இருட்டிய பின் திரும்புகிறவர். ஞாயிறு ஒன்றே அவருக்கு ஓய்வு. இளையவர் பெங்களூருவில் இரண்டாண்டு வேலை பார்த்து, அது ஒவ்வாமல் திரும்பி வந்து, இப்பொழுது ஏரியில் மீன் பிடிக்கிறார். எதன்மேல் அமர்ந்து என்றால், காற்றடைத்த லாரி டியூபின்மேல்! இடுப்புக்குக் கீழ் தண்ணீரில் நனைய, மடியில் தங்கூசி வலையை வைத்துக்கொண்டு, கையாலே துழாவிச் சென்று வலை விரித்து வருகிறார். இப்படிப் பிழைப்போரை நம் மாவட்டத்து ஏரிகள் பலவற்றில் காணலாம். வலையில் கால் சிக்கினாலும், டியூபில் முள் தைத்தாலும் என்ன ஆகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்த அச்சத்தினால்தான் தாயார் தம் வளையலை அடகு வைக்க இசைந்திருக்கிறார். தங்கம் வெட்டியோர் வீடுகளில் தங்கம் எவ்வளவு இருக்கும் என்பதை நேயர் அறிவர். ஆகவே பரிசல் ஒன்றுதான். தவறினால் மற்றொன்று வாங்க வழியில்லை. மூத்தவர் எட்டடிப் பரிசலே வேண்டும் என்கிறார்: ஞாயிறுதோறும் தாமும் ஏறலாம், நாளை பெங்களூரு வேலை போனால் இருவரும் அதிலேயே பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. இளையவர் ஆறடியே போதும், தம் தோளுக்கு அதுதான் அளவு என்கிறார். பெரியவர் மனமோ, செய்கிற செலவைப் பெரிதாகவே செய்துவிடலாம் என்று எட்டடியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கடிதத்தின் கடைசி வரியில் வேறொன்றும் இருந்தது. மூத்தவருக்கு நீந்தத் தெரியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறுக்கும் எட்டுக்கும் வேற்றுமை இரண்டடிதானே என்று தோன்றும். வட்டமான பொருளில் அடிக்கணக்கு ஏமாற்றும். ஆறடி விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அடி. எட்டடி வட்டத்தின் பரப்பு 50 சதுர அடி. அஃதாவது முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். இரண்டு ஆள், நனைந்த வலை, பிடித்த மீன் எல்லாம் சேர்த்து 170 கிலோ என்று கொண்டால், அந்தச் சுமையினால் மட்டும் ஆறடிப் பரிசல் இரண்டரை அங்குலமும், எட்டடிப் பரிசல் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் தாழும். உண்மையில் பரிசலின் அடி வளைந்திருப்பதால் நீரைத் தொடும் வட்டம் விளிம்பைக் காட்டிலும் சிறியது. ஆதலின் இரண்டுமே இதனினும் கூடுதலாகத்தான் தாழும். எப்படியாயினும், இரண்டு ஆளைச் சுமந்து மிதப்பது ஆறடிக்கும் இயலும். பரிசலை மூழ்கடிப்பது பெரும்பாலும் சுமையன்று, சாய்வே.

சாய்வைத் தாங்கும் திறன் அகலத்தைப் பொறுத்து மிக விரைவாக ஏறும். அதே சுமையை ஏற்றினால், எட்டடிப் பரிசல் ஆறடியைப்போல மூன்று மடங்குக்கு மேல் சாய்வை எதிர்த்து நிற்கும். இதைக் கேட்டவுடன் மூத்தவர் மகிழ்வார். சற்றுப் பொறுக்க. பெரிய பரிசலில் ஆள் நடுவிலிருந்து இன்னும் ஓரடி தள்ளி நிற்க இடமுண்டு, இடமிருந்தால் நிற்பான். அப்படி விளிம்பருகே நிற்கும்போது அவன் எடை பரிசலைச் சாய்க்கும் வலிமையும் கூடுகிறது. அதனைக் கழித்தால் எஞ்சுவது இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். இதுவும் சிறிதன்று. ஆகவே இரண்டு ஆள் ஏறுவதானால் எட்டடியே தக்கது, அதில் ஐயமில்லை.

இதை நாம் ஏட்டைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. நம் இளமையில், விடுமுறைக்கு உறவினர் ஊர் சென்றிருந்தபோது, அவ்வூர் ஏரியில் சிறு பரிசல் ஒன்றில் மூவர் ஏறினோம். பரிசலுக்குரியவர் இருவர்க்குமேல் கூடாதென்றார். நாம் மெலிந்த உடலினர், எம்மை ஓர் ஆளாக எண்ணவேண்டா என்று சொல்லி ஏறிக்கொண்டோம். நீருக்குள் மூழ்கிக் கிடந்த கருவேலங்கட்டையில் வலை மாட்டியது. அதனை விடுவிக்க ஒருவர் குனிந்தார், என்னவென்று பார்க்க மற்றவரும் குனிந்தார், நாமும் குனிந்தோம். மூவரும் ஒரே பக்கம்! பரிசல் தலைகீழாய்க் கவிழ்ந்து நம்மைக் கூடை கவிழ்த்த கோழியைப்போல் மூடியது. தண்ணீர் மார்பளவே இருந்தமையால் இன்று இதனை எழுதுகிறோம். மூக்குக்கண்ணாடி ஏரிக்குப் போயிற்று. கவிழ்ந்த அந்தக் கணத்தில் நாம் அறிந்தது ஒன்று: பரிசல் கவிழ்வதற்குமுன் எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. ஓர் எல்லைவரை தாங்கித் தாங்கி மீண்டும் நிமிரும். விளிம்பின்மேல் தண்ணீர் ஒருமுறை ஏறிவிட்டதோ, அதன் பிறகு கைக்கு எட்டுவதில்லை.

அப்படியானால் எட்டடி என்று முடித்துவிடலாமே எனின், நாம் கேட்க வேண்டிய வினாவை இன்னும் கேட்கவில்லை. பரிசலில் வாரத்தில் எத்தனை நாள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆறு நாள் ஒருவர். ஒரு நாள் இருவர். மூத்தவர் தம் ஞாயிற்றுக்கிழமையை வைத்துப் பரிசலுக்கு அளவெடுக்கிறார்.

எட்டடிப் பரிசலில் ஒற்றை ஆள் படும் பாட்டை நோக்குக. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்புப் போடுகிறவர் விளிம்பருகே அமர்ந்து, தமக்கு முன்னுள்ள நீரைத் தம்மை நோக்கி இழுத்து, இடமும் வலமும் மாற்றி மாற்றித் தள்ளினாலன்றி அது சுற்றிக்கொண்டே இருக்கும். பெரிய வட்டத்தில் ஒருவரே விளிம்பில் அமர்ந்தால் எதிர்ப்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். தூக்கிய பக்கத்தில் காற்று மோதும். ஆடி மாதக் காற்றில் பேத்தமங்கலத்தின் திறந்த நீர்ப்பரப்பில் வெற்றுப் பரிசல் சருகுபோல் ஓடும். வலை ஒரு கையில், துடுப்பு மறுகையில், காற்று எதிரில். மூன்றையும் ஒருவர் எவ்வளவு நேரம் சமாளிப்பார்? ஆறடியிலோ நடுவே சற்று முன்தள்ளி அமர்ந்தால் இருபுறமும் கைக்கு எட்டும். இருந்த இடத்திலிருந்தே வலையை நீட்டவும் சுருட்டவும் இயலும்.

மற்றொன்று, கரை. மழை பொய்த்த ஆண்டுகளில் பேத்தமங்கலத்தில் தண்ணீர் எவ்வளவு உள்வாங்கிப் போகும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை வியந்து வாணியம்பாடி உறவினர் நமக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். ஆயினும் அத்தகைய வெள்ளம் ஆண்டுதோறும் வருவதன்று. நீர் வற்றும் மாதங்களில் சேற்றையும் சரளைக்கல்லையும் கடந்து பரிசலைச் சுமக்கவேண்டும். ஆறடிப் பரிசலைத் திடமான ஓர் இளைஞர் தலைமேல் கவிழ்த்துக் குடைபோலத் தூக்கி நடந்துவிடுவார். எட்டடியை ஒருவர் தூக்க இயலாது, இழுப்பார். நம் கோலார்ச் சரளையில் நாலு நாள் இழுத்தால் அடித்தார் தேய்ந்து மூங்கில் பத்தை தெரியும். ஐந்தாம் நாள் தண்ணீர் ஊறும். எட்டடியின் உறுதியெல்லாம் கரையிலேயே தேய்ந்துபோகும் என்க.

சிறியது, பெரியது என்னும் இவ்வழக்கு உலகெங்கும் உண்டு. கிரேக்கரான ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்குச் சரக்கேற்றி வந்த வட்டமான தோல் ஓடங்களைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு கழுதையாவது ஏறிவருமாம். ஆற்றின் வேகத்துக்கு எதிரே திரும்பிச் செல்ல இயலாமையால், சரக்கை விற்று, சட்டத்தையும் விற்று, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். வியட்நாமின் கடற்கரையில் இன்றும் மூங்கிற்கூடை ஓடங்கள் அலையைத் தாண்டிச் சென்று மீன் பிடிக்கின்றன. நம் வினாவுக்கு மிகவும் அணுக்கமான விடை வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே டைவி முதலிய ஆறுகளில் ஒருவர்க்கே இடமுள்ள சிறு பரிசல்களை முதுகில் சுமந்து வந்து, இரண்டு பரிசல்களுக்கிடையே ஒரு வலையைப் பிடித்து, நீரோட்டத்தோடு இறங்கி மீன் பிடிப்பது பழைய வழக்கம். பரிசலைப் பெரிதாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார்கள். ஒருவர் கவிழ்ந்தால் மற்றவர் அருகே இருக்கிறார் என்பதும் அதனால் கிடைத்த ஆதாயம்.

நம் பக்கத்திலோ, 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பரிசலும் வலையுமாகப் பிழைக்கும் குடும்பங்கள் பல. தருமபுரி வழிவந்த நம் நேயர்க்கு ஒகேனக்கல்லின் பரிசல்கள் பழக்கமானவை. அங்கே பயணிகளை ஏற்றும் பெரிய பரிசலைப் பார்த்துவிட்டு, அதுதான் பரிசலின் அளவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆளேற்றும் தொழில் வேறு. வலை போடும் தொழில் வேறு.

ஏழடி என்று நடுவழி சொல்வாரும் உண்டு. கெட்ட யோசனையன்று. ஆறடியைவிடப் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். சாய்வைத் தாங்கும் திறனும் நன்றாகவே கூடும். ஆனால் தூக்கும் தோள் எவருடையதோ, அவர் தூக்கிப் பார்த்துச் சொல்லவேண்டிய அளவு அது. தந்தைக்கும் தமையனுக்கும் இடையே சமாதானம் செய்வதற்காக வாங்கவேண்டிய அளவன்று.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். முன்னாளில் மூங்கிற்சட்டத்தின்மேல் தோல் போர்த்தார்கள். இப்பொழுது தடித்த பிளாஸ்டிக் விரிப்போ சாக்கோ இட்டுத் தார் பூசுகிறார்கள். கண்ணாடி நாரினாலான பைபர் பரிசல்களும் வந்துள்ளன. கன்னடத்தில் ஹரிகோலு என்று வழங்கும் இவற்றை உள்நாட்டு மீனவர்க்கு உதவித்தொகையோடு வழங்கும் திட்டம் கருநாடக மீன்துறையில் நடந்து வந்திருக்கிறது. பைபர் ஊறாது, மழுங்காது, நெடுநாள் உழைக்கும். குறை ஒன்று: மூங்கிற்பரிசல் தண்ணீர் நிரம்பினாலும் மூங்கிலின் மிதப்பினால் பிடித்துக்கொள்ள உதவும், பைபர் தண்ணீரைவிட எடை மிக்கது, காற்றறை வைத்துச் செய்யாவிட்டால் நிரம்பியதும் அடியில் போய்ப் படுத்துவிடும். வாங்கும்போது விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது இதுவே. வளையலை அடகு வைக்குமுன் மீன்துறை அலுவலகத்துக்கு ஒருமுறை நடப்பதில் இழப்பேதுமில்லை. மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் குத்தகையில் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டு எழுத்தில் பெறுவது நன்று. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பத் தொடங்கிய பின், நெடுநாள் வறண்டிருந்த ஏரிகளுக்கும் குத்தகைக்காரர் வந்துவிட்டனர். பரிசலை வாங்கிவிட்டு ஏரியைத் தேடுவது முறையாகாது.

ஆக, பெரியவருக்கு நாம் எழுதிய விடை: ஆறடி. ஆள் ஒருவர். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவரே. மூத்தவர் கரையிலிருந்து வலை உலர்த்தட்டும், மீனைத் தரம் பிரிக்கட்டும், சந்தைக்கு எடுத்துச் செல்லட்டும். நீந்தக் கற்று, தனக்கென இன்னோர் ஆறடிப் பரிசலும் வாங்கும் நாள் வந்தால், வேல்ஸ் நாட்டாரைப் போல இரண்டுக்கும் நடுவே வலை பிடிக்கலாம். அதுவரை அவர் ஏறுதல் ஆகாது.

இது மூத்தவர்க்குக் கசக்கும் என்று அறிவோம். தம் சம்பளத்தில் வட்டி கட்டப்போகிறவர் அவர். அவருக்கே இடமில்லாத பரிசல் என்றால் யார்க்குத்தான் மனம் நோகாது? ஆகவே பெரியவருக்கு அவர் அறிந்த பொருளைக்கொண்டே எழுதினோம். "ஐயா, சுரங்கத்தில் கூண்டு இறங்குமுன், இத்தனை பேர்க்குமேல் ஏறக்கூடாது என்று வாயிலில் பலகை இருந்ததே, நினைவிருக்கிறதா? மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு ஆளை இறக்கிய இடம். ஒருவர் மிகுந்தால் அவர் தம்பியானாலும் மாமனானாலும் அடுத்த கூண்டுக்கு நின்றார். எவரும் அதை அவமதிப்பாகக் கொண்டதில்லை. பரிசலின் உட்புறத்தில் 'ஆள் 1' என்று வண்ணத்தில் எழுதி வையுங்கள்."

பத்து நாள் கழித்து விடை வந்தது. மீன்துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்களாம். வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறதாம். இதற்கிடையில் மூங்கிற்பரிசல் முடைகிறவரிடம் சென்று இளையவர் மூன்று அளவையும் தூக்கிப் பார்த்தாராம். எட்டடியைத் தூக்கி எழவே முடியவில்லை. ஏழடியோடு இருபது அடி நடந்தார், திரும்பும்போது தடுமாறினார். ஆறடியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு தெருமுனைவரை போய்வந்தார். மூத்தவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணன் சொல்கிறேன், ஆறே எடுத்துக்கொள்" என்றாராம். நீச்சலைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை என்று பெரியவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். அதற்கு வேறொரு நாள் தனியே எழுதுவோம்.

தாயார் ஒரு வினாவைக் கடிதத்தின் அடியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்: பரிசல் வந்துவிட்டால் அந்த லாரி டியூபை விற்றுவிடலாமா என்று. வேண்டா, அம்மா. காற்றடைத்து, பரிசலுக்குள்ளேயே, மகனின் கைக்கு எட்டும் இடத்தில் கயிற்றால் எளிதில் அவிழும்படி கட்டி வையுங்கள்.